தாழ்ப்பாள் எந்தப் பக்கம்

கப்பலில் எனக்குப் பால்கனி வைத்த அறைதான் வேண்டும் என்று நான் சொன்ன அன்று வீட்டில் சிரிக்காத ஆள் கிடையாது. கணவர் சிரித்தார். அமெரிக்காவிலிருந்து வீடியோவில் பேசிக்கொண்டிருந்த மகள் சிரித்தாள். என் கணவரின் அக்கா, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"இவளுக்குப் பால்கனின்னாலே ஆகாதுன்னுல்ல நெனச்சேன். பழைய ருசி விடல போல," என்றார்.

கையில் இருந்த டீ டம்ளரை எங்கே எறியலாம் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்று மேசைமேல் வைத்தேன்.

அந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்ததே மகள்தான். அவளுக்கு ஃப்ளோரிடாவில் வேலை. எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆகப்போகிறது என்று, அங்கே வந்து கொஞ்ச நாள் தங்கிவிட்டு, அங்கிருந்தே கப்பல் ஏறி கரீபியன் கடலைச் சுற்றிவிட்டு வரச் சொன்னாள். "ஜஸ்ட் யூ அண்ட் அப்பா. வேற யாரும் வேண்டாம்மா," என்று தெளிவாகத்தான் சொன்னாள். நாங்கள் இருக்கும் ஷார்ஜாவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. பாதி வாக்கியத்தை ஆங்கிலத்தில்தான் சொல்வாள், ஆனால் சொல்வதைப் பட்டென்று சொல்வாள். எனக்கு அவளிடம் பிடித்ததே அதுதான்.

அவள் போனை வைத்த கையோடு என் கணவர் அவருடைய அக்காவைக் கூப்பிட்டுவிட்டார். அவரால் முடியாது. ஃப்ரிட்ஜ் வாங்கினாலும், பிள்ளைக்குக் காது குத்தினாலும், காரில் டயர் மாற்றினாலும் அக்காவிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால் அக்கா கிளம்பி வந்துவிடுவார். மதினியின் வீட்டுக்காரர் தவறிய பிறகு பக்கத்து ஊரான அஜ்மானில் மகனோடு இருக்கிறார். அஜ்மானிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்துசேர அவருக்கு எந்த ட்ராஃபிக்கும் தடையாக இருந்ததில்லை.

"அமெரிக்கா விசாதான் எனக்கு ஏற்கெனவே இருக்கே. நானும் வாறேன். நீங்க ரெண்டு பேரும் வழி தெரியாம முழிப்பிய," என்றார். கணவர் "சரிக்கா" என்றார். இருபத்தைந்து வருடத்தில் அந்த மனிதர் அதிகமாகச் சொன்ன வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகத்தான் பால்கனி வேண்டும் என்றேன். யார் வேண்டுமானாலும் வரட்டும், எந்தக் கப்பலாக வேண்டுமானாலும் இருக்கட்டும். எனக்குக் கடலைப் பார்த்த ஒரு பால்கனி வேண்டும். அதன் கதவை என் கையால் திறக்க வேண்டும், என் கையால் மூட வேண்டும். நான் கேட்டது இவ்வளவுதான்.

ஏன் என்று சொல்லாவிட்டால் நீங்களும் சிரிப்பீர்கள்.

கல்யாணமாகி வந்த புதிதில் நாங்கள் குடியிருந்ததே ஒரு பால்கனியில்தான். வளைகுடாவில் இருந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஒரு ஃப்ளாட்டை ஒருவர் எடுப்பார். அதை அறை அறையாகப் பிரித்து உள்வாடகைக்கு விடுவார். அறைகள் தீர்ந்துவிட்டால் ஹாலைப் பலகை வைத்துத் தடுப்பார். அதுவும் தீர்ந்துவிட்டால் பால்கனி. ஷார்ஜாவில் ரோலா பக்கத்தில் மதினியும் அவர் வீட்டுக்காரரும் எடுத்திருந்த ஃப்ளாட்டில் ஓர் அறை அவர்களுக்கு, இன்னோர் அறை மூன்று பேச்சிலர்களுக்கு, பால்கனி எங்களுக்கு. என் கணவருக்குத் துபாய் அல் கூஸில் அலுமினியக் கதவு ஜன்னல் செய்யும் ஒர்க்‌ஷாப்பில் வேலை. அவரே மிச்சமான சட்டங்களைக் கொண்டுவந்து பால்கனியைச் சுற்றி அடைத்தார். ஒரு சின்ன ஜன்னல் வைத்தார். உள்ளே ஒரு கட்டில் போட்டால் ஓர் ஆள் பக்கவாட்டில் நடக்கலாம்.

ஹாலுக்கும் பால்கனிக்கும் நடுவில் ஒரு கண்ணாடி ஸ்லைடிங் கதவு. அதன் தாழ்ப்பாள் ஹால் பக்கம். பால்கனிக் கதவை யாருமே வீட்டுக்குள்ளிருந்துதானே பூட்டுவார்கள்? பால்கனியில் ஒரு குடும்பம் இருக்கும் என்று அந்தக் கட்டடத்தைக் கட்டினவன் நினைத்திருக்க மாட்டான்.

ஏசி ஹாலில் மட்டும்தான். கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தால் எங்களுக்கும் குளிர்ச்சி வரும். மூடினால் அடுப்புதான். நான் மகளை வயிற்றில் சுமந்துகொண்டிருந்த நேரம். வாந்தியும் தலைசுற்றலுமாகக் கிடந்தேன். ஜூலை மாதத்துப் பகல். காலையில் ஏதோ குடித்துவிட்டுத் தூங்கிப்போனேன். அப்போது மதினி கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

விழித்தபோது தலையணை நனைந்து கிடந்தது. கதவு மூடியிருந்தது. இழுத்தேன், வரவில்லை. தாழ்ப்பாள் போட்டிருந்தது.

தட்டினேன். மதினி மதினி என்று கத்தினேன். பேச்சிலர்கள் மூவரும் நைட் டியூட்டி பார்ப்பவர்கள், பகலில் அறையைச் சாத்திக்கொண்டு தூங்குவார்கள். அவர்கள் அறையில் ஒரு பழைய ஜன்னல் ஏசி லாரிபோல் சத்தம் போடும். யாருக்கும் கேட்கவில்லை. தண்ணீர் பாட்டில் ஹாலில் மேசைமேல் இருந்தது. கண்ணாடி வழியே அது எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. ஜன்னல் வழியாகக் கீழே போகிறவர்களைக் கூப்பிட்டேன். ஓர் ஆள் மேலே பார்த்துவிட்டு, பொம்பளை கூப்பிடுகிறாளே என்று பயந்து வேகமாக நடந்து போனான். கதவை அறைந்து அறைந்து கை வீங்கியது. அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பிள்ளை போய்விடும், இன்றைக்கே போய்விடும் என்று அழுதேன்.

சாயங்காலம் மதினி வந்து திறந்தார். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "அய்யோ பாவி மட்ட, நான்தான்டி ஞாபகமில்லாம தாழ்ப்பாளப் போட்டுட்டுப் போயிட்டேன்," என்று தலையில் அடித்துக்கொண்டார். தண்ணீர் கொடுத்தார். முகத்தைத் துடைத்துவிட்டார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். அவர் விடவில்லை. அந்த வருடமே அதை வேடிக்கைக் கதையாக்கிவிட்டார். கல்யாண வீடு, சடங்கு வீடு, வெள்ளிக்கிழமை பிரியாணிக்குக் கூடுகிற இடம், எங்கே போனாலும், "இவளப் பால்கனில வச்சுப் பூட்டிட்டு நான் ஹாயா சேல எடுக்கப் போயிட்டேன், தெரியுமா," என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். என் கணவரும் தட்டைப் பார்த்துக்கொண்டே சிரிப்பார். எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு எரியும். மன்னிப்புக் கேட்கவில்லையே என்பதைவிட அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கொன்றது. எத்தனை பேர் முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்! அந்த அம்மாள் எனக்கு எத்தனையோ செய்திருக்கிறார், பிரசவம் பார்த்திருக்கிறார், எல்லாம் உண்மை. ஆனாலும் அவர் கையால் டீ வாங்கிக் குடிக்கும்போதெல்லாம் அந்தக் கதவு எனக்கு ஞாபகம் வரும்.

டிராவல்ஸ்காரர் பர்துபாயில் இருந்தார். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து முஸ்லிம், எங்களைவிட வயதில் சின்னவர், வாய் நிறைய அக்கா என்பார். அவருக்கும் கரீபியன் கப்பல் புதிதுதான். வழக்கமாக உம்ரா யாத்திரைக்கும் ஊருக்கும் டிக்கெட் போடுகிற கடை அது. கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பி வைத்து, கப்பல் கப்பலாகக் காட்டினார்.

முதல் கப்பல் ஒரு ஊர் மாதிரி இருந்தது. நடுவில் தோட்டம், கடைத்தெரு, குழந்தைகள் சறுக்குகிற தண்ணீர்க் குழாய்கள். அதில் சில பால்கனிகள் கடலைப் பார்க்காமல் கப்பலுக்குள் இருக்கும் தோட்டத்தைப் பார்த்திருந்தன. மதினிக்கு அது பிடித்துவிட்டது.

"கடலப் பாத்தா எனக்குத் தல சுத்தும். இது நல்லாருக்கு. எதுத்தாப்புல யாரு வாறா யாரு போறான்னு பாத்துக்கிட்டே இருக்கலாம்."

"கடலுக்குப் போயிக் கடலப் பாக்காம, எதுத்த வீட்டுத் துணி காயுறதையா பாக்கணும்? அதுக்கு ரோலாவுலயே இருந்துருக்கலாமே," என்றேன்.

"பால்கனின்னா பால்கனிதான. எந்தப் பக்கம் பாத்தா என்னட்டி?"

"உங்களுக்கு என்னன்னு தெரியாது மதினி. நீங்க அதுல இருந்ததில்ல."

டிராவல்ஸ்காரர் அவசரமாக அடுத்த கப்பலுக்குத் தாவினார். அது பழையது, சிறியது. அதில் மலிவாகப் போட்டிருந்த பால்கனி அறைகளுக்கு நேர் எதிரே லைஃப் போட் தொங்கியது. கடலுக்குப் பதிலாக ஆரஞ்சு நிறப் படகின் வயிறுதான் தெரியும். மூன்றாவது நடுத்தரமான கப்பல். மலிவாக வேண்டுமென்றால் கப்பலுக்கு உள்பக்கம் ஜன்னலே இல்லாத அறைகளும் அதில் உண்டு என்றார். நீச்சல் குளத்துக்கு நேர் கீழே உள்ள தளம் வேண்டாம், விடியும் முன்பே மேலே நாற்காலி இழுப்பார்கள், முன்பக்கமும் வேண்டாம், அங்கே ஆட்டம் அதிகம், நடுவில் எடுங்கள் என்று மகள் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். என் கணவர் படத்தைப் பெரிதாக்கிப் பால்கனிக் கம்பிகளை ஆராய்ந்தார். "வெல்டிங் சுத்தமா இருக்கு," என்றார். தொழில் புத்தி எங்கே போகும்!

மூன்றாவது கப்பல்தான் என்று நான் சொன்னேன். பிறகு கேட்டேன்.

"பால்கனிக் கதவுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் தம்பி?"

"தாழ்ப்பாளாக்கா?" அவர் விழித்தார். "எல்லாரும் வைஃபை இருக்கா, பிரியாணி கிடைக்குமான்னு கேப்பாங்க. இத யாரும் கேட்டதில்லையே."

"நான் கேக்கேன். உள்பக்கமா வெளிப்பக்கமா? பால்கனில நிக்கிற ஆளு தானா உள்ள வர முடியுமா? கேட்டுச் சொல்லுங்க. அதுக்கப்புறம்தான் புக் பண்ணணும்."

மதினி என்னை ஒரு பார்வை பார்த்தார். வழக்கமான சிரிப்பு வரவில்லை. என் கணவர் சட்டென்று எழுந்து, "பார்க்கிங் டைம் முடிஞ்சிருக்கும்," என்று வெளியே போய்விட்டார். வண்டியை நாங்கள் நிறுத்தியிருந்தது அந்தக் கட்டடத்துக்குள்ளேயே, பார்க்கிங் காசு போட வேண்டிய அவசியமே இல்லாத இடத்தில். அதைக்கூட நான் அப்போது யோசிக்கவில்லை. என் கோபமெல்லாம் ஒரே ஆள் மேல் இருந்தது.

அடுத்த வாரம் புதிய தலைவலி. மதினி தனி அறையில் படுக்க மாட்டாராம்.

"நடுக்கடல்ல ஒத்தையிலயா? எனக்கு நெஞ்சு அடைச்சிரும். அந்த ரூம்ல சோபா இருக்குல்ல, அது கட்டிலா விரியும்னு போட்டிருக்கான். மூணு பேரும் ஒண்ணா இருந்துக்கிடுவோம்."

இது எங்கள் ஆட்களுக்கு மட்டுமே வரும் புத்தி. ஓர் அறையைப் பார்த்தால் நாங்கள் முதலில் பார்ப்பது அதில் எத்தனை பேர் படுக்கலாம் என்றுதான். கரீபியன் கடலில் போய்க்கூட ஷேரிங்! கல்யாணமான புதிதில் தனி அறை இல்லை, பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போகும்வரை தனி வீடு இல்லை, இப்போது கப்பலிலும் நான் புருஷனோடு இருக்க நடுவில் ஒரு சோபா வேண்டுமா?

நான் கணவரைப் பார்த்தேன். அவர் "சரிக்கா" என்றார்.

அன்றைக்கு இரண்டு பேருக்கும் நான் சமைக்கவில்லை.

இரண்டாவது முறை பர்துபாய்க்குப் போனபோது டிராவல்ஸ்காரர் பதிலோடு காத்திருந்தார். நல்ல மனிதர், விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல் கேட்டு வைத்திருந்தார்.

"அக்கா, கதவுக்கு ரெண்டு பக்கமும் கைப்பிடி இருக்காம். ஆனா லாக்கு ரூமுக்குள்ள மட்டும்தான். உள்ள இருக்குறவங்க பூட்டிட்டா வெளிய நிக்கிறவங்க திறக்க முடியாது. அவ்வளவுதான், கலாஸ். அப்புறம் மூணு பேருன்னா சோபா அந்தப் பால்கனிக் கதவுக்குப் பக்கத்துலதான் விரியும்."

"அப்ப நல்லதாப் போச்சு," என்றார் மதினி. "சோபா எனக்கு. கடக்காத்து எனக்கு ஒத்துக்கிடாது. கதவைப் பூட்டிட்டு அதுலயே படுத்துக்கிடுதேன்."

நாற்காலியைப் பின்னால் தள்ளினேன்.

"மறுபடியும் உங்க கையிலயா தாழ்ப்பாளு?" என்று எழுந்து நின்றேன். கடையில் டிக்கெட்டுக்காக உட்கார்ந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். "வயித்துப் புள்ளையோட என்னை வச்சுப் பூட்டுன கை அது. அத ஊரு பூரா சொல்லிச் சொல்லிச் சிரிச்ச வாயி இது. இத்தன வருசமா ஒரு நாளாவது தப்புன்னு சொன்னீங்களா? உங்கள மாதிரி ஒரு கல்நெஞ்சுக்காரிய நான் பாத்ததில்ல மதினி. எனக்குன்னு ஒரே ஒரு கதவு கேட்டேன். அதுலயும் வந்து காவலுக்குப் படுக்கணுமா உங்களுக்கு?"

மதினியின் முகம் சிவந்தது. அவர் யாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டு பழக்கமில்லாதவர். அதுவும் வெளியாட்கள் முன்னால்.

"போதும் நிறுத்துட்டி," என்றார். "நான் பூட்டல."

"என்னது?"

"நான் பூட்டலங்கேன். நான் கடைக்குப் போகும்போது கதவு திறந்துதான் கெடந்துச்சு. அன்னைக்கு மத்தியானம் வீட்டுக்கு யாரு வந்தான்னு உன் புருஷன்கிட்ட கேளு. கேளுட்டி!"

நான் திரும்பினேன். என் கணவர் கம்ப்யூட்டரில் இருந்த கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க?"

அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திருகினார்.

"உங்களத்தான் கேக்கேன்."

"சைட் வேல ரோலாவுல இருந்துச்சு," என்றார். குரல் எழும்பவே இல்லை. "உன்னப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். நீ அசந்து தூங்கிட்டிருந்த. அக்கா இல்ல. ஹால்ல அந்தப் பேச்சிலர் பயலுவள்ல ஒருத்தன் கைலியோட உக்காந்து டீ குடிச்சிட்டிருந்தான். கதவு திறந்து கெடந்துச்சு. ஆம்பளப் பயலுவ மூணு பேரு இருக்குற வீடு... அதான் தாழ்ப்பாளப் போட்டுட்டுப் போனேன். அக்காவோட மொபைலுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரத்துல அக்கா வந்து தெறந்து விட்டுரும்னு நெனச்சேன்."

"எனக்கு பஸ் கெடைக்கல. லேட்டாயிருச்சு," என்றார் மதினி. "வந்து பாத்தா நீ கெடந்த கோலம். இவன்தான் பூட்டுனான்னு சொன்னா, அந்த மாசமே நீ ஊருக்குப் போயிருப்ப. நாந்தான்னு சொல்லிட்டேன். அப்புறம் ஒவ்வொருத்தியா என்ன ஏதுன்னு துருவுனாளுவ. சிரிச்சிக்கிட்டே சொன்னா யாரும் மேல கேக்க மாட்டாளுவ. அதான் சிரிச்சேன்."

வீங்கிய என் கைக்கு அன்று ராத்திரி தைலம் தேய்த்தவர் இந்த மனிதர். "அக்காவுக்கு மறதி ஜாஸ்தி, மனசுல வச்சுக்காத" என்று சொல்லிக்கொண்டே தேய்த்தார். நான் அவர் தோளில் சாய்ந்து அவர் அக்காவைத் திட்டித் திட்டி அழுதேன். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு விருந்திலும் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். யாரோ ஒருத்தன் டீ குடித்தான் என்பதற்காக நான் தண்ணீரைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். என்னை அவர் நம்பவில்லை என்பதுகூடப் பிறகு வந்த வலிதான். முதலில் வந்தது வெறும் ஆத்திரம்.

"அப்ப நான் என்ன, கோழியா?" என்று கேட்டேன். "பூன வரும்னு கூடைக்குள்ள போட்டுக் கவுத்துட்டுப் போறதுக்கு?"

அவர் தலையைத் தூக்கவில்லை. மதினியை நான் அந்த நிமிடம் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தம்பியைக் காப்பாற்ற என்னை ஊர் சிரிக்க விட்டவர் அவர். அந்தக் கணக்கு தனியாக இருக்கிறது. ஆனால் கதவைத் திறந்தவர் அவர்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். டிராவல்ஸ்காரர் கீபோர்டில் கையை வைத்துக்கொண்டு சிலையாகியிருந்தார்.

"தம்பி, எழுதுங்க. அந்த மூணாவது கப்பல். நடுத் தளம், கடலப் பாத்த பால்கனி ரூம் ஒண்ணு. அதுல ரெண்டு பொம்பளைங்க. நானும் மதினியும்."

"நான் எதுக்குட்டி உன்கூட?" என்றார் மதினி.

"ஒத்தையில படுக்க மாட்டேன்னீங்கல்ல? வாங்க. ஆனா சோபாவுல நான் படுப்பேன். கதவு என் பொறுப்பு."

மதினி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "காத்து அடிச்சா மூடணும், சொல்லிட்டேன்," என்றார்.

"சாருக்குக்கா?" என்று டிராவல்ஸ்காரர் மெதுவாகக் கேட்டார்.

"கப்பலுக்கு உள்பக்கமா ரூம் இருக்குன்னு சொன்னீங்கல்ல, ஜன்னலே இல்லாதது. அதுல ஒண்ணு."

என் கணவர் அப்போதுதான் நிமிர்ந்தார். "ஜன்னல் கூடவா இல்ல? எனக்கு மூச்சு முட்டுமே," என்றார்.

"பயப்படாதீங்க," என்றேன். "கொஞ்ச நேரத்துல அக்கா வந்து தெறந்து விடுவாங்க."

டிராவல்ஸ்காரர் மூன்று பாஸ்போர்ட்டையும் எடுத்து டைப் அடிக்க ஆரம்பித்தார்.